மார்சேல்ஸ் கரையும் ஹேக் மன்றமும்

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு அடிக்கடி இடறும் சொற்கள் இரண்டு உண்டு. ஒருவனை நாட்டைவிட்டு வெளியேற்றுவது நாடுகடத்தல். சட்டப்படி விசாரித்து, அவனைக் கேட்கும் அரசாங்கத்தின் கையில் சேர்ப்பது ஒப்படைத்தல். பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே 1910-ஆம் ஆண்டில் இரு வல்லரசுகள் வழக்காடின.

அவ்வாண்டு மார்ச்சு 13-ஆம் நாள் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் விநாயக தாமோதர சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். நாசிக் கலெக்டர் ஜாக்சன் 1909 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இந்தியாவுக்குக் கைத்துப்பாக்கிகள் அனுப்பியது, மன்னருக்கு எதிராகப் போர்தொடுக்கத் தூண்டியது முதலியன சாவர்க்கர் மீதிருந்த குற்றச்சாட்டுகள். அவருடைய பிற்கால அரசியல் குறித்து நேயர்கள் எக்கருத்தும் கொள்ளலாம்; நாம் இங்கே ஆராய்வது அதுவன்று.

லண்டனிலிருந்தவரை லண்டனிலேயே விசாரித்திருக்கலாம். அங்கே ஜூரி உண்டு, அப்பீல் உண்டு. அரசாங்கமோ 1881-ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டத்தைக் கையில் எடுத்தது. அந்நிய நாட்டுக்கு ஒருவரை ஒப்படைக்கும்போது அரசியல் குற்றவாளிக்கு விலக்கு அளிக்கும் ஆங்கிலச் சட்டம், சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அனுப்பும்போது அவ்விலக்கை அளிக்கவில்லை. பம்பாயில் காத்திருந்ததோ ஜூரியும் அப்பீலும் இல்லாத, மூன்று நீதிபதிகள் கொண்ட தனி மன்றம்.

மோரியா என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு ஜூலை 7-ஆம் நாள் மார்சேல்ஸ் துறையை அடைந்தது. மறுநாட் காலை அவர் கழிப்பறையின் வட்டச் சாளரம் வழியே நீரிற் குதித்து, நீந்திக் கரையேறி ஓடினார். அவர் கால் பதித்தது பிரெஞ்சு மண். 1876-ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அரசியல் குற்றத்திற்காக ஒருவரையும் ஒப்படைக்கலாகாது. அது அரசியற் குற்றமா அன்றா என்பதைத் தீர்மானிக்க ஓர் அதிகாரி முன் விசாரணையாவது நடந்திருக்க வேண்டும். நடந்ததென்ன? கரையிலிருந்த பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்தார். கப்பலிலிருந்து துரத்தி வந்தோரும் உடன்சேர, சில நிமிடங்களில் அவர் மீண்டும் கப்பலில் இருந்தார். ஒரு தாளிலும் கையெழுத்து விழவில்லை. ஒன்பதாம் தேதி கப்பல் புறப்பட்டுவிட்டது.

பாரிஸில் சோஷலிஸ்டுகளின் ஏடாகிய லுமானிதே கூக்குரலிட்டது. பிரெஞ்சு அரசாங்கம் அவரைத் திருப்பிக் கேட்டது. அக்டோபரில் இரு அரசாங்கங்களும் வழக்கை ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் மன்றத்திடம் விட இசைந்தன. ஒன்றை நாம் மறைத்தல் நியாயமன்று: தன் பிடியிலிருந்த ஒரு கைதிக்காகப் பெரிய அரசாங்கமொன்று நடுவர் முன் நிற்க இசைந்தது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

ஆயினும் அந்த நற்பெயரை அது தானே கெடுத்துக்கொண்டது. வழக்கு ஹேக்கில் நிலுவையிலிருக்கும்போதே பம்பாயில் விசாரணை நடந்தது. 1910 டிசம்பர் 24-இல் ஓர் ஆயுள் தீவாந்தர தண்டனை. 1911 ஜனவரி 30-இல் மற்றொன்று. ஹேக்கில் வாதங்கள் தொடங்கியது பிப்ரவரி நடுவில்தான்! ஐந்து நடுவர்களுள் ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், இந்தியர் எவருமில்லை. யாருடைய உடலைப்பற்றி வழக்கோ அவர் அதில் கட்சிக்காரருமல்லர்.

பிப்ரவரி 24-இல் தீர்ப்பு வந்தது. ஒப்படைத்த முறையில் ஒழுங்கீனம் உண்டு; ஆயினும் வஞ்சகமோ பலாத்காரமோ இல்லை; அந்நியக் காவலர் செய்த தவறுக்காகக் கைதியைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி சர்வதேசச் சட்டத்தில் இல்லை என்றது மன்றம். சட்டப் புலவர்களுள்ளேயே பலர் இதை ஏற்கவில்லை. தவறு நடந்ததென்று ஒப்புக்கொண்டு, அதன் பலனைத் தவறால் ஆதாயம் பெற்றவரிடமே விட்டுவைக்கும் தீர்ப்பைச் சாதாரண மனிதன் எங்ஙனம் நம்புவான்?

நம்பாதவர்களுள் தமிழர் ஒருவரும் இருந்தார். லண்டனில் சாவர்க்கரின் தோழராயிருந்த வ. வே. சு. ஐயர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பாது, அதே 1910-இல் புதுச்சேரியை அடைந்தார். பாரதியார் 1908 முதலே அங்கிருந்தார். மார்சேல்ஸில் சில நிமிடமும் காக்காத பிரெஞ்சுக் கொடி புதுச்சேரியில் இவர்களைப் பல்லாண்டு காத்தது என்பது வரலாற்றின் விசித்திரம்.

அந்த 1881-ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்திற்குப் பின்னும் நம் ஏடுகளில் கிடந்தது. சிங்கப்பூரில் தேடப்பட்ட ஒருவரைச் சென்னையிலிருந்து அனுப்பக் கேட்டபோது, குடியரசான இந்தியாவை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாகக் கொள்ளும் அச்சட்டப் பிரிவு இங்கே செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1962-இல் நமக்கென ஒப்படைப்புச் சட்டம் பிறந்தது. அதன் 31-ஆவது பிரிவு, அரசியல் தன்மையுள்ள குற்றத்திற்காக ஒருவரை ஒப்படைக்கலாகாது என்கிறது.