அசலூர்க்காரர்கள்

பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் என்னைப் பார்க்க வந்த நண்பர்கள் எல்லோரும், கவிஞர்கள் உட்பட, கேட்டது ஒரே கேள்விதான்: "இங்கே பார்க்கறதுக்கு என்னய்யா இருக்கு?" கும்பகோணத்துக்காரனான எனக்கு முதலில் இந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. எங்கள் ஊரில் பார்ப்பதற்கு நிறைய உண்டு, அதனால் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை. வெளியூரில் தனி அறை எடுத்துத் தங்கியிருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்துவிடுகிறது. பஸ் ஏறி எதையாவது பார்த்துவிட்டு வந்தால்தான் சாயங்காலம் ஆகும்.

அப்படிப் பார்த்த இரண்டு இடங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வடக்கே சென்னை சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை. கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம். இரண்டும் யுத்தத்தால் பெயர் பெற்றவை. ஒன்று நாம் ஜெயித்த கதை, மற்றது யார் யாரோ நம் நிலத்தில் வந்து அடித்துக்கொண்ட கதை. இரண்டையும் ஒரே மனசோடு பார்க்க முடிகிறதா என்பதுதான் என் சங்கடம்.

ரஞ்சன்குடியில் அகழி இருக்கிறது, அரைவட்டக் கொத்தளங்கள் இருக்கின்றன, படிப்படியாக உயரும் மதில்கள் இருக்கின்றன. நான் முதல் தடவை போனபோது உள்ளே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் இருந்தாள். "எந்த ஊரு தம்பி?" என்றாள். பெரம்பலூரில் பேங்கில் வேலை என்றேன். "வேலை சரி, ஊரு எது?" கும்பகோணம் என்றேன். "அப்ப அசலூருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த வார்த்தை என்னோடேயே வந்துவிட்டது. இந்தக் கோட்டையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பிறகு படித்தபோது, அதில் பெயர் பெற்றிருப்பவர்கள் அநேகமாக எல்லோருமே அசலூர்க்காரர்களாக இருந்தார்கள்.

கோட்டைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வாலிகண்டபுரம். பழைய சிவன் கோயில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இது வெறும் கிராமம் அல்ல. பீஜப்பூர் சுல்தானின் கவர்னர் ஷேர்கான் லோடி, ஒரு பட்டாணியர், இங்கிருந்துதான் ஆட்சி செய்தார். 1673ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றியது அவருடைய தயவில். கடற்கரையில் இடம் கொடுத்தவர் உள்நாட்டில் அதிக நாள் நிற்கவில்லை. 1677ல் சிவாஜி வந்து அவரைத் தோற்கடித்தார். இடம் வாங்கியவர்களோ நின்றுவிட்டார்கள். எழுபத்தெட்டு வருஷம் கழித்து, 1751ல், பீரங்கிகளோடு இதே வாலிகண்டபுரத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

1751ன் கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததுதான். 1749ல் ஆம்பூர்ச் சண்டையில் நவாப் அன்வருத்தீன் இறந்துபோகிறார். அவர் மகன் முகம்மது அலி திருச்சியில் போய் அடைகிறார். சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு திருச்சியைப் பிடிக்க ஆற்காட்டிலிருந்து புறப்படுகிறார். வழியில் இருக்கிறது இந்தக் கோட்டை. முகம்மது அலிக்குத் துணையாக ஆங்கிலக் கம்பெனி ஒரு படையை அனுப்புகிறது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தமே இல்லை. 1748ல் ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு பேரும் இங்கே விருந்தாளிகளாக, வேறு யாருக்கோ உதவி செய்கிறவர்களாக நின்று சுட்டுக்கொண்டார்கள்.

இந்தச் சண்டைக்கு நமக்கு இருக்கும் முக்கிய சாட்சி ராபர்ட் ஓர்ம். அஞ்சுதெங்கில் பிறந்தவர், கம்பெனி உத்தியோகஸ்தர். அவருடைய சரித்திரத்தின் முதல் தொகுதி 1763ல் வந்தது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்ததால் எனக்கு ஏற்பட்ட சில நல்ல பழக்கங்களில் ஒன்று, இப்படிப்பட்ட புஸ்தகங்களைப் பயப்படாமல் திறப்பது. அவர் சொல்லும் கணக்குப்படி புறப்பட்ட ஆங்கிலப் படையில் 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்கர், 1000 சிப்பாய்கள், எட்டுப் பீரங்கிகள். தலைமை வகித்த காப்டன் ஜிஞ்சன் ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர். படைக்கு உணவும் சாமானும் சேகரிக்கிற பொறுப்பில் ஒரு இருபத்தைந்து வயதுக்காரர் கூட வந்திருந்தார். 1744ல் மாதச் சம்பளத்துக்குக் கணக்கெழுத வந்த குமாஸ்தா. பெயர் கிளைவ்.

கோட்டையின் அதிகாரி இரண்டு பக்கத்துக்கும் பிடிகொடுக்கவில்லை. ஜெயிக்கிறவன் யாரென்று தெரியட்டும் என்று ஏறக்குறைய இரண்டு வாரம் பேச்சை வளர்த்திருக்கிறார். இதைத் துரோகம் என்று ஆங்கிலேய ஆசிரியர்கள் எழுதுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த இரண்டு வாரம் வரைக்கும் கோட்டையின் கீழே இருந்த பேட்டை எரியாமல் இருந்தது. பொறுமை போய் ஆங்கிலப் படை ராத்திரியில் பேட்டைக்குள் நுழைந்து தீ வைத்தது. கோட்டை மதிலை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிகாரி உடனே மறுபக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் சண்டை.

சண்டையில் நடந்தது இதுதான்: பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்ததும் ஐரோப்பியப் படை குலைந்து பின்வாங்கியது. ஜிஞ்சன், டால்ட்டன், கில்பாட்ரிக், கிளைவ் நான்கு பேரும் அவர்களைத் திரட்டி நிறுத்தப் பார்த்தும் பலிக்கவில்லை. நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, என் ஆட்கள் இன்னும் நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிற பாவனையில் ஏசியிருக்கிறார். அதற்கப்புறம் ஓர்ம் ஒன்று சொல்கிறார். ஐரோப்பியர் போன பிறகும் ஆப்பிரிக்கர்களின் படைப்பிரிவு சிறிது நேரம் களத்தில் நின்றது. பிறகு ஒழுங்காக, வரிசை கலையாமல், செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஓர்ம் அதைத் தம் ஆட்களின் அவமானத்துக்குச் சிகரம் வைப்பதற்காகத்தான் எழுதுகிறார். அவர் உபயோகிக்கும் பெயர் ஒரு வசைச்சொல். நம் பழைய தமிழில் காப்பிரி என்று எழுதினோமே, அதே சொல். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கம்பெனி கொண்டுவந்த மனிதர்கள் அவர்கள். இந்த நிலத்தில் அவர்களைவிட அசலூர்க்காரர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. வாலிகண்டபுரம் யாருக்குச் சேர்ந்தால் அவர்களுக்கு என்ன? ஓடிவிடுவதற்கு எல்லோரையும்விட அதிக நியாயம் அவர்களுக்குத்தான் இருந்தது. ஓடினவர்களை நிறுத்தப் பார்த்த நான்கு பேருடைய பெயர்கள் இருக்கின்றன. நின்று, சுமந்துகொண்டு வந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை.

ஆங்கிலப் படை அன்று ராத்திரியே தெற்கே நகர்ந்து, ஊட்டத்தூர் போய், அங்கிருந்து திருச்சிக்குள் ஒண்டியது. ஆங்கிலேயர் வென்ற இடம் இது என்று ரஞ்சன்குடியைப் பற்றி எழுதப்பட்டதை நான் படித்திருக்கிறேன். கடைசியில் தேசத்தையே பிடித்தவன் ஒவ்வொரு ஊரிலும் ஜெயித்திருக்க வேண்டும் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம் போலிருக்கிறது. தோற்றதை அவர்களே எழுதி வைத்திருக்கும்போது, வெற்றியை நாம் எழுதித் தருகிறோம். இந்தப் பழக்கத்துக்குச் சரித்திர ஞானத்தைவிட வேறு ஏதோ காரணம் இருக்கிறது.

பேங்க்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷமே ஆற்காட்டைப் பிடித்து அந்தக் குமாஸ்தா கதாநாயகனானார். சாமான் சேகரித்ததில் அவருக்குக் கிடைத்த லாபமும் சாமான்யமானதல்ல. முகம்மது அலி நவாபாக நிலைத்தார், ஆனால் கடனில். யுத்தச் செலவுக்குக் கம்பெனியிடமும், கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனித்தனியாகவும் வாங்கிய கடன். கடனுக்கு ஈடாக ஜில்லா ஜில்லாவாக நிலவரி. 1785ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் பேசிப் புகழ்பெற்றது இந்த ஆற்காட்டு நவாப் கடன்களைப் பற்றித்தான். 1801ல் கர்நாடகமே கம்பெனியிடம் போய்விட்டது. வட்டியைக் கட்டியவன் கலப்பை பிடித்தவன். பேட்டையில் எரிந்த வீடுகளுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

இந்தக் கோபத்தோடு நான் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். அங்கே கோபம் வரவில்லை. பெருமை வந்தது. கோயில் முன் புல்தரையில் நின்றால் யாருக்கும் வரும். முன்பொரு தடவை அந்த விமானத்தைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அது அச்சாகவில்லை. ஆனால் இந்தத் தடவை ரஞ்சன்குடியின் கேள்வி கூடவே வந்துவிட்டது. இங்கே சுமந்தவர்கள் யார்?

ராஜேந்திரன் கங்கைக்கரைக்குப் படை அனுப்பி, கங்கைநீர் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற ஏரியை நீராலான வெற்றித் தூணாக நாட்டியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி சொல்கிறது. தோற்ற அரசர்கள்தான் நீரைச் சுமந்தார்களாம். அழகான கற்பனை. இவ்வளவு தூரம் குடம் தூக்கிய ராஜா எவனும் இருந்திருக்க மாட்டான் என்பது எழுதியவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அரசர்களைச் சுமக்க வைத்ததால் உண்மையில் சுமந்தவர்கள் பாட்டிலிருந்து கழன்றுபோனார்கள். கோயிலுக்கு அருகே செங்கமேட்டில் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புக்கல் சிலைகள் இருக்கின்றன, பைரவரும் காளியும். கோயிலுக்குள் சாளுக்கியப் பாணியில் ஒரு சூரியபீடம். இவை எங்களுடைய கலைச் செல்வங்கள் என்று வந்தவர்களிடம் காட்டுகிறோம். வேறொருவருடைய ஊரில் கும்பிட்டுக்கொண்டிருந்த சிலை, வண்டியேறி வந்த சிலை என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் காளியும் அசலூர்க்காரிதான்.

யுத்தம் எப்படியிருக்கும் என்று தமிழ்க்கவி அறியாமல் இல்லை. பக்கத்து ஊரான ஜெயங்கொண்டம் நினைவூட்டும் பெயர் கொண்ட ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பேய்களை விட்டுப் பிணங்களைப் பார்க்க வைக்கிறார், கூழ் அடச் சொல்கிறார். பிணத்தை அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்க அந்தக் காலத்து இலக்கியத்தில் பேய்க்குத்தான் அனுமதி. பேய்க்கோ பசி. துக்கம் அதற்கு இல்லை. நம்முடைய சரித்திர நாவல்கள் பேயையும் நீக்கிவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டன.

ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஊர் பாண்டியர்களிடம் தோற்று அழிந்தது. மாளிகைமேட்டில் தோண்டிய குழிகளில் அரண்மனையின் செங்கல் அடிவாரம் தெரிகிறது. மிச்சமிருந்த கோயில் மதில் கற்கள் 1836ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணைக்குப் போயின. காட்டனின் அணை. அந்தக் கற்களைப் பெயர்த்துத் தூக்கிப் போனவர்கள் இந்தப் பக்கத்துக் கூலிகளாகத்தான் இருந்திருப்பார்கள். என் ஊருக்குப் போகிற பஸ் அந்த அணைக்கரை வழியாகத்தான் போகிறது. பாலம் வந்ததும் தூங்குகிறவர்கள்கூட ஒருமுறை கண்விழித்துத் தண்ணீரைப் பார்ப்பார்கள். அந்தக் கற்களை விட்டால் யுத்தத்துக்காகப் பிறந்த அந்த நகரத்தில் இன்றைக்கும் யாருக்காவது உபயோகப்படுவது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயித்த ஊரில் பெருமையும் தோற்ற ஊரில் கோபமுமாக இரண்டு மனசு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. விமானத்தைப் பார்த்தால் இன்னமும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இப்போதெல்லாம் நண்பர்கள் வந்தால் முதலில் ரஞ்சன்குடிக்குத்தான் அழைத்துப் போகிறேன். மதிலை அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள். நான் மதிலுக்கு வெளியே, சாலைப் பக்கம் கிடக்கிற வெளியைக் காட்டுகிறேன். "இதுல என்னய்யா இருக்கு?" என்கிறார்கள். எல்லோரும் போன பிறகு கொஞ்ச நேரம் இங்கே சில பேர் நின்றார்கள், பிறகு தங்களுக்கு எந்த உறவும் இல்லாத பிணங்களைத் தூக்கிக்கொண்டு அந்தத் திசையில் போனார்கள் என்று சொல்கிறேன். போன தடவை வந்த நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.