வருடம் இல்லாத நோட்டீஸ்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கூத்துக் குழுவை இப்போது நடத்துபவர் அவர்தான். கையில் செல்போன், அதில் பிரான்சிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். "ஐயா, ஏதோ இ.பி.கே. அனுப்பச் சொல்றாங்க. பிரெஞ்சுல எழுதியிருக்கு. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பிரெஞ்சில் அதற்கு 'தொசியே த பிரெஸ்' என்று பெயர். பத்திரிகைக்காரர்களுக்காகத் தயாரிக்கும் கோப்பு. அதைக் காகிதத்தில் வேண்டாம், மின்னணு வடிவில் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். இ.பி.கே. என்பதும் அதுதான். 'தொசியே' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆபீசில் முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டியவன் நான். இந்த வேலை எனக்காகவே வந்ததுபோல் இருந்தது.

ஒரு கலைக்குழு தன்னைப் பற்றித் தானே எழுதி ஊருக்குக் கொடுப்பது புதிய பழக்கம் இல்லை. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் நோட்டீஸ் பொறுக்கியவர்கள்தானே! வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு வருவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் தாளில் நோட்டீஸ் பறக்கும். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். நாடகத்தின் பெயர், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், டிக்கெட் விலை, 'பெண்களுக்குத் தனி இடம்' எல்லாம் அதில் இருக்கும். அன்றைய 'தொசியே' அந்த ஒரு தாள்தான்.

கலர் தாள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுக்காரர்களின் பத்திரிகைச் சட்டம் 1881 ஜூலை 29இல் வந்தது. காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சுவரில் ஒட்டும் அறிவிப்புகளில் வெள்ளைத் தாள் அரசாங்கத்துக்கு மட்டும்தான் என்று அந்தச் சட்டம் சொன்னது. தனியார் சுவரொட்டி கலர் தாளில் இருக்க வேண்டும். எது சர்க்கார் உத்தரவு, எது நாடக விளம்பரம் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். அச்சகத்தின் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கேட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டமும் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் கேட்டது. அதனால்தான் பழைய நோட்டீஸ்களின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயர் இருக்கும். இது பின்னால் எனக்கு உதவியது, சொல்கிறேன்.

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபையை ஆரம்பித்தார். சுவாமிகள் 1922இல் நம் புதுச்சேரியில்தான் காலமானார், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்து நாடகங்களுக்கெல்லாம் ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தது நோட்டீஸும் தண்டோராவும்தான்.

ஜனங்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது ஒன்று, பத்திரிகைக்காரருக்குச் செய்தியை நாமே எழுதிக் கொடுப்பது வேறொன்று. இந்த இரண்டாவது பழக்கத்துக்கு ஓர் அமெரிக்கக் கதை சொல்வார்கள். 1906 அக்டோபர் 28இல் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர் ஐவி லீ. விபத்தை மூடி மறைக்காமல், நடந்ததை அவரே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு சினிமாக் கம்பெனிகள் இதைப் பெரிய கலையாகவே ஆக்கின. நம் ஊரில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை மறக்க முடியுமா? நடிகர் பட்டியல், பாட்டுகள், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்தார். தமிழ் சினிமாவில் அந்த வேலைக்கு அவர்தான் முன்னோடி. படங்களையும் விவரங்களையும் ஆண்டு வாரியாகச் சேர்த்து வைத்தார். பிற்காலத்தில் தமிழ்நாடு அரசே அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது.

1980களில் ஹாலிவுட் கம்பெனிகள் வீடியோ கேசட்டில் காட்சித் துண்டுகளும் பேட்டிகளும் பதிந்து டெலிவிஷன் நிலையங்களுக்கு அனுப்பின. 'எலக்ட்ரானிக் பிரெஸ் கிட்' என்ற பெயர் அப்போது பரவியது. கேசட் போய் குறுந்தகடு வந்தது. இப்போது ஒரு லிங்க் அனுப்பினால் போதும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சில் கூத்துக்கு மதிப்பு இருக்கிறது. 2016இல் பாரிஸ் அருகே அரியான் முனூஷ்கின் தன் குழுவின் நாடகத்தில் தெருக்கூத்தைச் சேர்த்தார், புரிசை சம்பந்தன் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதனால் இந்தக் கடிதம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர்கள் கேட்டவை: குழுவைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று, நீண்ட குறிப்பு ஒன்று, அச்சிடும் தரத்தில் ஐந்தாறு படங்கள், ஒவ்வொன்றிலும் இருப்பவர் பெயரும் எடுத்தவர் பெயரும், இரண்டு நிமிட வீடியோ, பத்திரிகையில் வந்தவை, 'ஃபிஷ் தெக்னிக்' என்கிற மேடைத் தேவைப் பட்டியல், தொடர்புக்கு ஒருவர். குழு எந்த ஆண்டிலிருந்து ஆடுகிறது என்பதற்கு ஆதாரமும் கேட்டிருந்தார்கள்.

"ஆதாரம் இருக்குங்க ஐயா" என்று தம்பி ஒரு பழைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். நாற்பது ஐம்பது நோட்டீஸ். கரையான் அரித்ததுபோக மிச்சம். எடுத்துப் பார்த்தேன். கிழமை இருக்கிறது, தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. வருடம் ஒன்றில்கூட இல்லை! அடுத்த வாரக் கூத்துக்கு வருடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நோட்டீஸில் கட்டியங்காரன் என்று போட்டிருந்த பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் நான் இருந்த பிரிவுக்கு நலிந்த கலைஞர்களின் உதவித்தொகை மனுக்கள் வரும். இத்தனை வருடம் ஆடினேன் என்பதற்குச் சான்று வைக்க வேண்டும். அந்தப் பெரியவர் நோட்டீஸ்களைத் துணிப்பையில் கொண்டுவந்தார். 'ஆண்டு குறிப்பிடப்படவில்லை, ஏற்பதற்கில்லை' என்று குறிப்பு எழுதியது நான்தான். விதிப்படி சரி. அவர் சண்டை போடவில்லை. "சரிங்க சார்" என்று நோட்டீஸ்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை.

அன்று இரவு அந்த நோட்டீஸை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'சித்திரா பௌர்ணமித் திருவிழாவை முன்னிட்டு, மே 8 சனிக்கிழமை இரவு 10 மணிக்கு' என்று இருந்தது. மே 8 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1965, 1971, 1976, 1982. ஹார்மோனியம் என்று போட்டிருப்பது தம்பியின் பாட்டனார் பெயர். அவர் 1974இல் காலமானவர். ஆகவே 1976ம் 1982ம் போயிற்று. அடியில் அச்சக முகவரி 'பாண்டிச்சேரி-1' என்று இருக்கிறது. ஆறிலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, அதுவும் பொருந்துகிறது. மிச்சம் 1965, 1971. பஞ்சாங்கம் பார்த்தேன். 1965இல் சித்திரா பௌர்ணமி ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிட்டது. 1971இல் மே 10 திங்கட்கிழமை. கூத்து அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்திருக்கிறது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் ஆபீசில் காலண்டர் இருந்தது. பஞ்சாங்கம் கடையில் கிடைத்தது. பெரியவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. விதி என்னைத் தடுத்தது என்று சொல்ல மாட்டேன். 'கண்டுபிடித்துக் கொடு' என்று விதியில் இல்லை, 'கண்டுபிடிக்காதே' என்றும் இல்லை.

மறுநாள் தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் போய் இருபது வருஷம் ஆகுதுங்க ஐயா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து மின்கோப்பை முடித்தோம். தம்பியின் மகள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடுக்கினாள். பதினேழு நோட்டீஸ்களுக்கு ஆண்டு கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க முடியாதவற்றை 'ஆண்டு தெரியவில்லை' என்று நேர்மையாகப் போட்டோம். படங்களில் இருப்பவர்களை அடையாளம் காணப் பழைய ஆட்களின் வீடு வீடாகப் போனோம். பிரெஞ்சுக் குறிப்பில் முதல் வரியாக 1971ஐ எழுதினேன். பக்கத்தில் அந்த நோட்டீஸின் படம், கீழே கட்டியங்காரனாக ஆடிய பெரியவரின் முழுப் பெயர்.

அழைப்பு வருமா என்று தெரியாது. வந்தால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் நாடக நோட்டீஸோ, பஜனை மடத்துப் பத்திரிகையோ, கல்யாணப் படமோ இருந்தால் இன்றே எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் வருடத்தை எழுதுங்கள். இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். நமக்கு ஞாபகம் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.