கொழுந்தும் அப்பளமும்

இலங்கை மலையகத்தின் திம்புள்ளையில் பெண்களின் கைபட்ட பொருள் ஒன்று நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பலேறி வருகிறது. லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலை மலைகளில் அவர்கள் எடுக்கும் கொழுந்து தேயிலையாகி ரஷ்யாவுக்கும் ஈராக்குக்கும் போகிறது. அதே பெண்கள் வீட்டில் இடிக்கும் கறித்தூளும், தீபாவளிக்குச் சுடும் முறுக்கும், பிடிக்கும் எள்ளுருண்டையும் பெரும்பாலும் பக்கத்து நகரத்துக் கடையோடு நின்றுவிடுகின்றன. கைப்பக்குவத்தில் குறையில்லை. பிறகு எது குறைகிறது?

விடை தேட இரண்டு தொழில்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று திம்புள்ளத் தேயிலை. மற்றது மும்பைப் பெண்கள் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம். இரண்டிலும் கைவேலையின் பெரும்பங்கு பெண்களுடையது. இரண்டிலும் ஒருத்தியின் ஒரு நாள் உழைப்பு சிறிய அளவுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டும் வெளிநாட்டில் விலைபோகின்றன. ஆனால் ஒன்றில் பெண் கூலிக்காரி, மற்றதில் பங்காளி. தேயிலையின் ஒழுங்கும் லிஜ்ஜத்தின் உரிமையும் ஒன்றுசேர்ந்தால்தான் திம்புள்ளப் பெண்களின் உணவு கடல் கடக்கும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடக்கமும் முதலும்

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869-இல் தென்பட்ட இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தபோது, திம்புள்ளத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. முதல் போட்டவர்கள் பிரித்தானியர். உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுடையது. அந்த முதலுக்குத் துணையாக ஒரு பெரிய அமைப்பே எழுந்தது. 1883-இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1925-இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1976-இல் இலங்கைத் தேயிலைச் சபை வந்தது. கொழுந்து எடுக்கும் பெண் எவரும் தனியே வெளிநாட்டு வாங்குநரைத் தேடிப் போகவில்லை. வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

லிஜ்ஜத்துக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காம் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கி, முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். முதல் ஆண்டின் மொத்த விற்பனை 6,196 ரூபாய். நட்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1966-இல் சங்கமாகப் பதிந்து, காதி கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரமும் பெற்றார்கள். இன்று ஏறத்தாழ 45,000 பெண்கள் உறுப்பினர்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒரே தரம்

தேயிலையின் பலம் அதன் ஒரே சீரான தரத்தில் இருக்கிறது. நூறு பெண்கள் எடுத்த கொழுந்து ஒரே தொழிற்சாலையில் வாடி, உருண்டு, நொதித்து, காய்ந்து, சலிக்கப்பட்டு, பிஓபி, பிஓபிஎஃப் என்று தரம் பிரிகிறது. ஏலத்துக்கு முன்பே மாதிரி வாங்குநரின் மேசைக்குப் போய்விடும். சுவைத்துப் பார்த்த தேயிலையே மூட்டையிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது.

லிஜ்ஜத் பெண்களும் இதே பாடத்தைக் கற்றார்கள். தொடக்கத்தில் உயர்ந்தது ஒன்று, மலிவானது ஒன்று என இரண்டு வகை இட்டார்கள். ஒரே தரம் போதும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பரேக் சொன்னார், கேட்டார்கள். உளுந்தும் மிளகும் பெருங்காயமும் மொத்தமாக வாங்கப்படுகின்றன. மாவு கிளையிலேயே பிசையப்படுகிறது. பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டுக் காயவைத்து மறுநாள் கொண்டுவருகிறார்கள். சரிபார்த்த பிறகே பாக்கெட்டில் போகிறது. இடுவது ஆயிரக்கணக்கான கைகள், ஆனால் சுவை ஒன்று.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுத் தூளுக்கும் ஒரு மணம் உண்டு, அதுவே அந்த வீட்டின் பெருமை. வீட்டுக்கு அது போதும். டொரொண்டோவில் ஒரு கடைக்காரருக்கு ஜனவரியில் வந்த தூளும் ஜூனில் வந்த தூளும் ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பது வீட்டுப் பக்குவத்தை ஒரு பக்குவமாக்குவதே முதல் வேலை. அதைப் பெண்கள் கூடிப் பேசித்தான் முடிவுசெய்ய முடியும்.

மழையும் வீடும்

மழை இருவருக்கும் பொது. திம்புள்ளை மேற்குச் சரிவில் இருப்பதால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். நல்ல மணமுள்ள தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த காற்றுக் காலத்தில். ஆனாலும் தொழிற்சாலை நிற்பதில்லை, ஏனென்றால் கூரைக்குக் கீழே சூடான காற்றில்தான் தேயிலை காய்கிறது. லிஜ்ஜத் பெண்களுக்கு முதல் மழைக்காலத்தில் நான்கு மாதம் வேலை நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி அடியில் அடுப்பு மூட்டிக் காயவைத்தார்கள். வெயிலை நம்பி மிளகாய் காயவைக்கும் திம்புள்ள வீட்டுக்கும் அந்தத் தேவை உண்டு. ஈரம் தங்கிய மிளகாயில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையில் அஃப்லாடொக்சின் நச்சு சேரும். மிளகாய்த்தூளில் அந்த நச்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது.

வீடு விடயத்தில் நம் பெண்களின் நிலை இன்னும் கடினம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீட்டின் அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் ஒன்றாக நடக்கின்றன. காணிக்கு உறுதி இல்லாததால் வங்கியில் ஈடு வைக்க ஒன்றுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் அளவுக்குத் தனிச் சமையலறையை எங்கே காட்டுவது? லிஜ்ஜத்திலும் இடமில்லாத வீடுகள் உண்டு. அங்குள்ள பெண்கள் கிளையில் மாவு பிசைகிறார்கள், பாக்கெட் போடுகிறார்கள், சரிபார்க்கிறார்கள். வீடு சிறியது என்பதற்காக ஒருத்தியும் வெளியே நிறுத்தப்படவில்லை. திம்புள்ளையில் இதை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும்: முழு வேலையும் ஒரு பொது இடத்தில் நடக்க வேண்டும். மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றைத் தோட்ட நிர்வாகம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தால், லயத்து அறை தடையாக இராது.

கடல் கடக்கும் வழி

வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவில் பெரும்பகுதி அளவைப் பொறுத்ததல்ல. கொழும்பு கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடம் ஒரு தொகுதியைச் சோதிக்கும் கட்டணம் 10 கிலோவுக்கும் 500 கிலோவுக்கும் ஒன்றுதான். லேபல் வடிவமைப்பும் பார்கோட் பதிவும் சுங்கப் பத்திரங்களும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு அனுப்பினால் 2023 முதல் எள்ளை ஒவ்வாமைப் பொருளாக லேபலில் குறிப்பிட்டாக வேண்டும். எள்ளுருண்டைக்காரிக்கு இது நேரடியான செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப் பதினான்கு பொருள்களைப் பட்டியலிடுகிறது. மாசிக்கருவாடு, பால், நெய் சேர்ந்த உணவுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே முதலில் அனுப்ப ஏற்றவை கறித்தூளும், மாசி இல்லாத காய்ந்த பண்டங்களும்தான்.

இவ்வளவு பாரத்தையும் ஒரு தனிப் பெண் சுமக்க முடியுமா? தேயிலையில் தரகரும் ஏற்றுமதியாளரும் அதைச் சுமக்கிறார்கள். லிஜ்ஜத்தும் பெரும்பாலும் ஏற்றுமதி வணிகர் வழியாகவே வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. இலங்கையில் இதற்கு உதவ ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979-இலிருந்து இருக்கிறது. தரச் சான்றுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. ஆனால் பயிற்சி என்றால் பெண்களைத் தனித்தனியே அழைத்து, ஒரு நாள் வகுப்பு நடத்தி, சான்றிதழும் கொடுத்து அனுப்புவதே வழக்கமாகியிருக்கிறது. கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனித் தேயிலை ஏற்றுமதியாளராக்க யாரும் முயன்றதில்லை. உணவில் மட்டும் ஏன் அந்தப் பிழை?

ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். லிஜ்ஜத்துக்கு மும்பை என்ற பெருநகரம் வாசலிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்துப் பலகாரத்துக்கு இலண்டனிலும் கனடாவிலும் உறவினர் கடைகள் இருக்கின்றன. மலையகத்தவருக்கு அத்தகைய உறவு குறைவு; இங்கிருந்து கடல் கடந்தவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள். ஆனால் அட்டன்–நுவரெலியா வீதியில் டெவன், சென். கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க நிற்கும் பயணிகள் நம் வாசலுக்கு வரும் சந்தை. அங்கே ஓராண்டு ஒரே தரத்தில் விற்றுக் காட்டிய பண்டத்தை எடுக்க ஏற்றுமதி வணிகர் தயங்கமாட்டார்.

யாருக்குச் சொந்தம்

இங்கேதான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு நூறு கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஈட்டுகிறது. தோட்டங்கள் பிரித்தானியரிடமிருந்து 1970-களில் அரசுக்கும், 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்கும் கைமாறின. கொழுந்து எடுப்பவரின் நிலை மட்டும் மாறவில்லை. ஏலத்தில் விலை ஏறினாலும் அவருக்குக் கிடைப்பது நாட்சம்பளம்தான். குறித்த கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாளுக்கு 1,000 ரூபாய் என்பது கூட நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2021-இல்தான் வந்தது.

லிஜ்ஜத்தில் இட்ட அளவுக்குக் கூலியும் உண்டு, இலாபத்தில் பங்கும் உண்டு. நிர்வாகக் குழுவில் இருப்போர் அனைவரும் உறுப்பினர் பெண்களே. ஆண்கள் கணக்கெழுதவும் வண்டி ஓட்டவும் சம்பளத்துக்கு வருகிறார்கள். விலை தெரிந்தவரும் அப்பளம் இடுபவரும் ஒருவரே என்பதால், தரம் கெட்டால் யாருக்கு நட்டம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே திம்புள்ளையில் பொதுச் சமையற்கூடம் அமைத்தால் மட்டும் போதாது. அது ஒரு கம்பனியின் பெயரிலோ தொண்டு நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் இன்னொரு தேயிலைத் தொழிற்சாலையாகிவிடும். சங்கப் பதிவும் வங்கிக் கணக்கும் குத்தகையும் வணிகப் பெயரும் பெண்களின் பெயரில் இருக்க வேண்டும். சீட்டுப் பிடித்து, ஒரு மாதமும் தவறாமல் கணக்கு முடிக்கும் பெண்களுக்குக் கூட்டுப் பணம் நடத்தத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அரசு செய்ய வேண்டியவை மூன்று: கட்டடத்துக்குக் குத்தகை பெற்றுத்தருவது, முதல் சில தொகுதிகளின் ஆய்வுக் கட்டணத்தை ஏற்பது, நேர்மையான ஏற்றுமதி வணிகரோடு எழுத்து ஒப்பந்தம் போட உதவுவது. மற்றவற்றை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஏழு பேர் 80 ரூபாயில் செய்ததை, ஒரு நாட்டின் தேயிலையையே தோளில் சுமந்தவர்களால் நிச்சயம் செய்ய முடியும்.