உரியாவிடம் கேட்காத மன்னிப்பு

யூத மறைநூலில் பாவத்தையும் மன்னிப்பையும் மிக நுட்பமாகப் பேசும் இடம் எது என்று கேட்டால், சட்டப் பகுதிகளை விட்டுவிட்டு இரண்டாம் சாமுவேலின் 11, 12ஆம் அதிகாரங்களைத்தான் காட்டுவேன்.

படை அம்மோனியரின் ரப்பா நகரை முற்றுகையிட்டிருக்க, அரசன் தாவீது எருசலேமில் தங்கிவிடுகிறான். மாலையில் அரண்மனை மாடியில் உலாவும்போது, குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைக் கண்டு ஆளனுப்பி அழைத்துக்கொள்கிறான். அவள் கருவுற்ற செய்தி வந்ததும், போர்முனையிலிருந்து அவள் கணவன் உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொல்கிறான். தோழர்கள் வெட்டவெளியில் கிடக்க, தான் மட்டும் வீட்டில் உண்டு உறங்குவதா என்று உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். குடிக்க வைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. கடைசியில் தளபதி யோவாபுக்கு ஒரு கடிதம் போகிறது: போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் உரியாவை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பின்வாங்க வேண்டும். கடிதத்தைச் சுமந்து போனவன் உரியாவேதான். ஏத்தியர் இனத்தவனான அவன் இஸ்ரவேலில் வேற்றாள். அரசன் மறந்த நெறியை அயலான் காத்தான் என்று நூலாசிரியர் எங்கும் விளக்கவில்லை. அவன் பெயரோடு இனப்பெயரைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

உரியா போரில் மாண்ட பிறகு, தீர்க்கதரிசி நாத்தான் அரசன் முன் ஒரு வழக்கை வைக்கிறார். மந்தை மந்தையாக ஆடுள்ள செல்வன் ஒருவன், விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான். கொதித்தெழுந்த தாவீது, அவன் சாகத் தக்கவன் என்றும், ஒன்றுக்கு நான்காகத் திருப்பித் தரவேண்டும் என்றும் தீர்ப்பளிக்கிறான். திருடி அறுத்த ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது யாத்திராகமச் சட்டம். அரசனுக்குச் சட்டமெல்லாம் அத்துப்படி. அந்தச் செல்வன் வேறு யாருமல்ல, தாவீதே என்று நாத்தான் உடைத்துச் சொன்னதும் அவன் சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல், கடவுளுக்கு எதிராகத் தான் செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிறான். மன்னிப்பும் அந்த இடத்திலேயே கிடைக்கிறது. ஆனால் தண்டனை முழுதும் நீங்கவில்லை: பிறந்த குழந்தை இறக்கும், வாள் அவன் வீட்டை விட்டு விலகாது. பின்னாளில் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் அறிஞர்கள் அவன் சொன்ன நான்கை அவன் வீட்டிலேயே எண்ணிக் காட்டினார்கள்: இறந்த குழந்தை, அவனுடைய மற்ற மக்களான அம்னோன், தாமார், அப்சலோம். கணக்கு சரிதான், பச்சிளங்குழந்தை அதில் ஒன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாவீதின் ஒப்புதலில் உரியாவின் பெயர் இல்லை. பிறனை ஏமாற்றியவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து உரியவனிடம் கொடுக்கவேண்டும், பலிக்கடாவும் செலுத்தவேண்டும் என்பது லேவியராகமம் சொல்லும் முறை. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தை யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் போக்கும். மனிதனுக்கு மனிதன் செய்ததை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் போக்காது என்று, வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதைக் கறாராக்கியது. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு நடைமுறையே வகுத்தார். மன்னிக்க மறுப்பவனிடம் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போகவேண்டும்; மசியாவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்குப் பிறகும் மறுத்தால் பாவம் மறுத்தவனைச் சேரும். பாதிக்கப்பட்டவன் இறந்திருந்தால், பத்துப் பேரோடு அவன் கல்லறைக்குப் போய் அறிக்கையிட வேண்டும். தாவீது அப்படி எங்கும் போனதாக நூலில் இல்லை.

இந்த நெருடலைப் பிற்காலத்தவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். அதே மறைநூலின் நாளாகமம் ரப்பா முற்றுகையைச் சொல்கிறது, அரசன் எருசலேமில் தங்கியதையும் சொல்கிறது. பத்சேபாள் கதையை மட்டும் தாண்டி நேரே வெற்றிக்குப் போய்விடுகிறது. தாவீது பாவம் செய்தான் என்பவன் தவறாகச் சொல்கிறான் என்றுகூடத் தல்மூதில் ஒரு ரபி வாதிடுகிறார். போருக்குப் போகிறவர்கள் மனைவிக்கு மணவிலக்குச் சீட்டு எழுதி வைப்பது அக்கால வழக்கமாம். அப்படியானால் பத்சேபாள் அப்போது பிறன் மனைவியே அல்ல. வக்கீல் வாதம்தான். சாமுவேல் நூலே தாவீதுக்குத் தராத சலுகை இது. மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசியும் தாவீதின் பக்கம் சாய்ந்து விளக்கம் சொல்ல, அவருடைய மாணவர் ராவ் அதை ஒரே வரியில் மடக்கிவிட்டார்: ஆசிரியர் தாவீதின் வம்சத்தவர், அதனால்தான் இப்படிப் பேசுகிறார்.