சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எழும்பிய முதல் விமானம்

சிங்கப்பூரில் முதன்முதலாக ஆகாய விமானம் பறந்தது எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால் சாங்கி என்பார்கள். வயதானவர்கள் பாயா லேபார் என்பார்கள், காலாங் என்பார்கள். மூன்றுமே இல்லை! நம் தேக்காவுக்குப் பக்கத்தில்தான். ரேஸ் கோர்ஸ் ரோடு என்கிறோமே, அந்த ரோட்டுக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடலில், 1911 மார்ச் 16-ஆம் நாள். ஓட்டியவர் பெல்ஜியம் நாட்டுக்காரர் ஜோசப் கிறிஸ்டியான்ஸ்.

விமானம் என்றதும் இன்றைய விமானத்தை நினைத்துவிடக் கூடாது. அவர் ஓட்டியது பிரிஸ்டல் கம்பெனியின் 'பாக்ஸ் கைட்', அதாவது பெட்டிப் பட்டம். பெயருக்கேற்ற உருவந்தான். மரச் சட்டம், அதன்மேல் துணி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, இழுத்துக் கட்டக் கம்பிகள். இந்த மாதிரி விமானங்களில் 50 குதிரைச் சக்தி எஞ்சின் பொருத்துவது வழக்கம். ஓட்டுபவருக்கு முதுகுப் பக்கம் இருக்கும் அந்த எஞ்சின், விசிறியோடு சேர்ந்து தானும் சுற்றும். அதற்கு ஊற்றிய எண்ணெய் என்ன தெரியுமா? நம் வீட்டு விளக்கெண்ணெய்தான்! ஓட்டுபவரைச் சுற்றிக் கூடு கிடையாது, கண்ணாடி கிடையாது. கீழே பார்த்தால் தரை தெரியும். தவறினால் அதோடு சரி.

அது பறந்து வந்த விமானமும் அல்ல, கப்பலில் வந்து இறங்கியது. அவ்வளவு தூரம் பறக்க அக்காலத்தில் எந்த விமானத்தாலும் முடியாது. சிங்கப்பூரில் விமானத் திடலும் இல்லை. மேடுபள்ளமில்லாத அகலமான புல்வெளி வேண்டும் என்றால் குதிரை ஓடிய இடந்தான் உண்டு. அப்போது சிராங்கூன் பக்கம் மாட்டுக் கொட்டகைகள் நிறைந்த இடம். அந்த மாடுகளுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் மேலேதான் இந்த வேடிக்கை நடந்தது.

நம் ஆட்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அன்று நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பல நாள் கடலில் கிடந்துதான் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரிலிருந்து ஒரு கடுதாசி வருவதும் அப்படியே. இதற்கு ஒரு மாதம் முன்பு, 1911 பிப்ரவரி 18-ல், அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மூட்டைக் கடிதத்தை விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். கடுதாசி ஆகாயத்தில் வரும் காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

கிறிஸ்டியான்ஸ் கார்ப் பந்தய வீரரும்கூட. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் 1914-ல் ஆறாவதாகவும் 1916-ல் நான்காவதாகவும் வந்தார். வானத்தில் தப்பியவர், 1919 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு காரை ஓட்டிப் பார்க்கும்போது விபத்தில் மாண்டார்.

அதே 1919 டிசம்பர் 4-ல் அதே திடலில் இன்னொரு விமானம் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் 'விக்கர்ஸ் விமி'. இது பெரிய விமானம், திடலோ சிறியது. ஓடி நிற்க இடம் போதாது. எஞ்சின்காரர் பென்னெட் என்ன செய்தார்? இறங்கும்போதே முதுகின்மேல் ஊர்ந்து வால் பக்கம் போய்விட்டார்! அவர் கனத்தால் வால் அழுந்தி விமானம் சீக்கிரம் நின்றது. டிசம்பர் 10-ல் டார்வின் போய்ச் சேர்ந்து 10,000 பவுன் பரிசு வாங்கினார்கள்.

குதிரைப் பந்தயம் 1933-ல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. காலாங் விமான நிலையம் 1937-ல் திறந்தது. பழைய திடலுக்கு ஃபேரர் பார்க் என்று பெயரானது. அதே பெயருள்ள ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்த இடந்தான்.