காஞ்சி வீதியில் ஒரு மன்னனின் நகைப்பு

காஞ்சி என்றதும் பட்டும் கோயிலுமே நம் நினைவுக்கு வரும். அந்நகரின் வீதிகளையே களமாக்கி, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் ஒரு நகைச்சுவை நாடகம் இயற்றினான். பெயர் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது.

மதுமயக்கில் திரியும் காபாலிகன் சத்தியசோமன், தன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். அதில் இறைச்சி இருந்ததாம். ஆகவே எடுத்தது நாய், இல்லையேல் பௌத்த பிக்கு என முடிவு கட்டுகிறான். எதிரே வரும் பிக்கு நாகசேனனின் கவலையோ வேறு. நல்லுணவையும் மெத்தையையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மங்கையரையும் மட்டும் விலக்கியிருப்பாரா? முதிய துறவிகள்தாம் அந்த ஏட்டை மறைத்திருப்பர் என்று ஐயுறுகிறான்! ஓடு இறுதியில், நாயிடமிருந்து அதைப் பறித்த ஒரு பித்தனிடம் கிடைக்கிறது.

தம் இச்சையையே நெறியென நம்பும் இவர்களைக் காணும்போது, பஸராவின் அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) ‘கிதாபுல் புகலா’வில் காட்டும் உலோபிகள் நினைவுக்கு வருகின்றனர். அவர்களும் கஞ்சத்தனத்தைப் பெரும் ஞானமென்றே வாதிடுவர்.

பிற சமயத்தாரை இகழவே மன்னன் இதை எழுதினான் என்பார் கூற்று எனக்கு ஏற்புடையதன்று. வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்ததும், காபாலிகனின் துணைவி தேவசோமை தடுக்கிறாள்: பிக்குவிடம் விகாரையின் செல்வம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், ஏழைகளாகிய நம் சொல் அங்கே எடுபடாது. அந்த மன்றம் யாருடையது? மகேந்திரனுடையதே அன்றோ! ‘மத்தவிலாசன்’ என்பதும் அவனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று.