பட்டன் போன் வந்த வழி

சிம்மக்கல் பக்கம் மோட்டார் சாமான் வாங்கப் போனால், என் மடக்கு போனைப் பார்த்து "இன்னுமா அண்ணே இதை வச்சிருக்கீங்க?"ன்னு கேட்கிறாங்க. இதுக்கும் ஒரு வரலாறு உண்டுங்க.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அப்போ வர்ற காலுக்கும் காசு. சம்சாரி யாரும் அந்தப் பக்கமே போகலை. 2003 மே மாசம் இன்கமிங் இலவசமாச்சு. அதே வருசம் நோக்கியா 1100 வந்துச்சு. தூசி இறங்காத ரப்பர் பட்டன், தலையில டார்ச். உலகம் முழுக்க 25 கோடி போன் வித்துச்சு. மும்முனை கரண்ட் ராத்திரியில வரும்போது, வரப்பில பூச்சி பொட்டு கிடக்கான்னு பார்க்க அந்த வெளிச்சம் தாராளம். (பூச்சின்னா பாம்பு. ராத்திரியில அதைப் பேர் சொல்ல மாட்டோம்.)

2006-ல் ஸ்ரீபெரும்புதூர்லயே நோக்கியா ஆலை வந்துச்சு, 2014-ல் மூடிட்டாங்க.

எங்க ஊர்ல மிஸ்டு கால்தான் தந்தி. ஒரு ரிங் விட்டா கஞ்சி வந்தாச்சு, ரெண்டு ரிங்குன்னா கரண்ட் வந்தாச்சு. அப்புறம் மோட்டாருக்கே சிம் போட்டோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வீட்டிலிருந்தே போன் போட்டு ஒரு நம்பரை அமுக்கினா, கிணத்தில தண்ணி ஏறும். ஸ்மார்ட்போனே வேண்டாம்.

ஆனா என் பெட்டிக்குள்ள இருக்கிறது 2ஜி. 2016-ல் வந்த ஜியோவுக்கு 2ஜி கோபுரமே கிடையாது. 2017-ல் அவங்க விட்ட பட்டன் போனும் 4ஜிதான். மத்த கம்பெனிகளும் 2ஜியை நிறுத்திட்டா, புதுப்பெட்டி வாங்குற வரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கிணத்தடிக்கு நடக்கணும்.